செந்துறைப் படத்தின் இடது ஓரம்

16-4-1999, வெள்ளி

சித்திரை முதல் வெள்ளி. சிந்தாமணி விடியற்காலையிலேயே பெரம்பலூர் புறப்பட்டுப் போய்விட்டாள். மகள் ஜெயசித்ராவுக்கு உடம்பு சரியில்லையாம். சோறு வடித்து, புளிக்குழம்பை மூடி வைத்திருந்தாள்.

தனியாக வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு செந்துறை பஸ் ஏறினேன். முந்திரிப்பழம் வந்திருக்கும் என்று நினைப்பு. பஸ் ஸ்டாண்டோடு சரி. அங்கிருந்து எங்கள் ஊர் நடக்கிற தூரம்தான். போகவில்லை. அம்மா செத்த வருஷத்திலிருந்து போவதில்லை.

பழம் விற்கிற அம்மாக்கண்ணு கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பின்னால் அரியலூர் பஸ், பச்சை வண்டி. கறுப்பு வெள்ளையில் அது நல்ல கறுப்பாக விழும். அதன்மேல் அவள் தூக்கிப் பிடித்த பழம் பளபளவென்று நிற்கும். அவள் தலைக்குப் பின்னால் விளக்குக் கம்பம் முளைத்து நின்றது. இரண்டடி வலது பக்கம் நகர்ந்தேன், கம்பம் பஸ்ஸுக்குப் பின்னால் போய்விட்டது. சப்பணமிட்டு உட்கார்ந்தேன், தரையில் கிடந்த தோலும் குப்பையும் கூடைக்குப் பின்னால் மறைந்தன. இவ்வளவுதான் வித்தை. இதற்கு ஒரு வாத்தியார் வேண்டாம், முழங்கால் ஒத்துழைத்தால் போதும்.

என் யாஷிகா குனிந்து பார்க்கிற கேமரா. கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். பழகிவிட்டது. நாலு மூலையும் பார்த்த பிறகுதான் அமுக்குவேன். இன்றைக்கு மூன்று மூலைதான் பார்த்தேன். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அமுக்கிவிட்டேன்.

நன்றாக வந்திருக்கும்.

20-4-1999

இராமலிங்கத்திடம் ரோலைக் கொடுத்தேன். இந்த அரியலூரில் நான் நம்பி ஃபிலிம் கொடுக்கிற ஒரே ஸ்டுடியோ. கலர் வந்த பிறகு எல்லோரும் திருச்சிக்கு அனுப்புகிறார்கள். அவன் மட்டும் எனக்காக இருட்டறையை வைத்திருக்கிறான் என்று சொல்லிக்கொள்வான்.

ஒவ்வொரு தடவையும் சொல்வதை இன்றைக்கும் சொன்னேன். ஓரம் வெட்டாதே. நான் எடுத்தது எவ்வளவோ அவ்வளவும் வேண்டும்.

"தெரியும்ணே. உங்க படத்துல கத்திரி வச்சா கையை எடுத்துருவீங்க" என்றான்.

எடுப்பேன். காரணம் ஊருக்கே தெரியும். அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. எனக்கு ரயில்வேயில் கேட் கீப்பர் வேலை கிடைத்தபோது என்னைப் பக்கத்தில் நிறுத்தி எடுத்துக்கொண்டது. எழுபத்தொன்பதில் அம்மா போனபோது நான் விருத்தாசலம் பக்கம் டூட்டியில் இருந்தேன். ஆள் மாற்றிவிட்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சுவரில் அம்மா படம் மாலையோடு தொங்குகிறது. பக்கத்தில் நான் இல்லை. தம்பி வீரமுத்து போட்டோவையே கத்திரியால் வெட்டி, அம்மாவை மட்டும் சட்டம் போட்டுவிட்டான். அதுவும் கோணலாக. என் பாதி எங்கே என்று கேட்டேன். "உன்னைத்தான் நேர்ல பாக்குறோமே" என்றான்.

அன்றோடு சரி. அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு நானும் போவதில்லை, என் வீட்டிலிருந்து யாரும் போவதில்லை. ஜெயா கல்யாணத்துக்கும் அவனுக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

29-4-1999

வெட்டிவிட்டான்!

உறையைப் பிரித்ததும் தெரிந்தது. என் ஃபிலிம் சதுரம். படம் நீளவாக்கில் இருக்கிறது. அம்மாக்கண்ணுவும் கூடையும் அப்படியே இருக்கிறார்கள். இடது பக்கம் பஸ்ஸின் பாதியைக் காணோம்.

கேட்டால் பாடம் நடத்துகிறான். "இடது ஓரத்துல ஆளுங்க நிக்கிறாங்கண்ணே. கண்ணு அங்கதான் ஓடுது. பாட்டி மொகத்தைப் பாக்க விடமாட்டேங்குது. இப்பப் பாருங்க, சுத்தமா இருக்கு."

சுத்தமாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சல். முகம் நன்றாக எழுந்து நிற்கிறது, பழம் கண்ணுக்கு நேரே வருகிறது. ஆனால் அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள்? செந்துறையா, திருச்சியா, ஸ்டுடியோத் திரைக்கு முன்னாலா? பஸ் புறப்படப் போகிறது, அதற்குள் ஒரு பழமாவது விற்க வேண்டும் என்பதுதானே அந்த முகத்தில் இருந்தது. பஸ்ஸை எடுத்துவிட்டால் அவள் யாருக்காகப் பழத்தைத் தூக்கிக் காட்டுகிறாள்?

வேண்டாத ஒன்று படத்தில் இருந்தால் எடுக்கும்போதே நகர வேண்டும். முன்னால் போ, கீழே உட்கார், காத்திரு. கத்திரி சோம்பேறியின் கால்.

ஓரத்தில் நின்றது யார் என்று கேட்டேன். யாரோ பிரயாணிகள் என்றான். நெகட்டிவைக் கேட்டேன். உள்ளே காய்கிறது, பிறகு தருகிறேன் என்றான். பத்து நாளாகக் காய்கிற நெகட்டிவ்!

3-5-1999

நெகட்டிவ் இன்னும் வரவில்லை. ஸ்டுடியோ பூட்டியிருக்கிறது. மச்சான் வீட்டுக் காதுகுத்தாம்.

13-6-1999, ஞாயிறு

பெரம்பலூரில் ஒரு கலைச் சங்கத்தார் கல்யாண மண்டபத்தில் படக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். இராமலிங்கம் என்னைக் கேட்காமலே அந்த வெட்டின படத்தை என் பெயரில் அனுப்பியிருக்கிறான். எடுத்துக்கொண்டு விட்டார்கள். கார்டு வந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

போனேன். ஜெயா மண்டபத்துக்கு வந்திருந்தாள். சித்திரையில் உடம்புக்கு என்ன என்று கேட்டேன். "எனக்கா? எனக்கு என்னப்பா?" என்றாள். பிறகு, "ஆமாமா, லேசா காய்ச்சல் இருந்துச்சு" என்றாள். நிறைய வேலை, மறந்திருப்பாள்.

கல்லூரி வாத்தியார் ஒருவர் படத்தின் முன்னால் வெகு நேரம் நின்றார். தேவையில்லாதது ஒன்றுகூட இல்லாத படம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்குக் காது சுட்டது. அந்தத் தேவையில்லாதது என்ன என்று எடுத்தவனே இன்னும் பார்க்கவில்லை!

இறக்கிவிடுங்கள், முழுப் படம் கொண்டுவருகிறேன் என்றேன். கண்காட்சி முடிகிறவரை இறக்கக் கூடாது என்பது சங்கத்து விதியாம். நானே நாற்காலி போட்டு ஏறி ஆணியிலிருந்து கழற்றினேன். "அப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்று ஜெயா சட்டையைப் பிடித்து இழுத்தாள். பார்க்கட்டும்.

பஸ்ஸில் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வந்தேன்.

18-6-1999

படத்தை வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை. படத்தில் இருக்கிற ஆளுக்கே கொடுத்துவிடலாம் என்று செந்துறை போனேன்.

அம்மாக்கண்ணு வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி என் கையிலேயே வைத்துவிட்டாள்.

"என்ன சாமி, என்னை மட்டும் ஒத்தையா வச்சுட்டீங்க. மாலை போட்டு ஊதுவத்தி கொளுத்தத்தான் பாக்கி. இத வூட்டுக்குக் கொண்டுபோனா என் மருமக சந்தோசமா ஆணி அடிச்சுருவா."

பக்கத்தில் பூக்காரி சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன். அதற்குள் அவளே, பின்னால் நின்றவர்களை எங்கே என்று கேட்டாள். யார் நின்றார்கள் என்றேன்.

"அன்னிக்கு எங்கிட்டதான பழம் வாங்குனாங்க. ரெண்டு பொம்பளைங்க, ஒரு ஆம்பள. அவரு உங்க சாடையாவே இருந்தாரு. அண்ணன் போட்டோ புடிக்கிறாரு, தம்பி பாத்துக்கிட்டு நிக்கிறாருன்னு நெனச்சேன்."

வேறு எதுவும் கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

என் சாடையில் இந்தப் பூமியில் ஒருத்தன்தான் இருக்கிறான். ஆனால் இரண்டு பெண்கள்?

19-6-1999

ஸ்டுடியோ திறக்கும்போதே வாசலில் நின்றேன். நெகட்டிவை வாங்காமல் நகரவில்லை. இராமலிங்கம் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தான்.

வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு மூலை முழுக்கச் சிவப்பு. டச்சிங் மை. முகத்தில் தழும்பு, பின்னால் குப்பை என்றால் ஒரு புள்ளி வைப்பார்கள். இவன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி பூசியிருக்கிறான். பிரிண்டை வெட்டினால் வேறு பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். நெகட்டிவ் மேலேயே கை வைத்துவிட்டான்.

"அழகுக்குத்தாண்ணே" என்றான்.

அந்த மை தண்ணீரில் கரையும். அது எனக்கும் தெரியும் என்பதை அவன் மறந்துவிட்டான். வீட்டுக்கு வந்து கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, ஃபிலிமை மிதக்க விட்டேன். சிவப்பு பிரிந்து பிரிந்து இறங்கியது. சிந்தாமணி அந்தப் பக்கம் வந்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

காய வைத்து லென்ஸில் பார்த்தேன். நெகட்டிவில் நரைத்த தலை கறுப்பாக இருக்கும், முகம் கரியாக இருக்கும், ஆளைச் சொல்ல முடியாது. ஆனால் ஒருவன் இடது தோளை இறக்கி நிற்கிறான். அப்படி நிற்காதே என்று அம்மா அவனைச் சின்ன வயதிலிருந்தே திட்டுவாள்.

மற்றவர்களைப் பார்க்காமல் லென்ஸை மூடி வைத்துவிட்டேன்.

23-6-1999

ஜெயங்கொண்டம் போனேன். என்னைத் தெரியாத ஸ்டுடியோ. முழு நெகட்டிவையும் பெரிசாகப் போடச் சொன்னேன். ஓரம் முக்கியம் என்றேன். அந்த ஆள் விநோதமாகப் பார்த்தான்.

இப்போது என் முன்னால் இருக்கிறது.

அம்மாக்கண்ணு நடுவில் இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் பஸ். பஸ்ஸின் இடது முனையில், ஏறுகிற படிக்குப் பக்கத்தில் மூன்று பேர். வீரமுத்து. அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம். பஞ்சவர்ணம் ஒரு பூச்சரத்தைப் பல்லால் கடித்துப் பாதியாக்குகிறாள். மறு பாதிக்காகத் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நிற்கிறவள் சிந்தாமணி.

என் சிந்தாமணி. பெரம்பலூரில் காய்ச்சல்காரிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தவள்.

சிரிக்கிறாள். கண் இரண்டும் மூடிப் போகிற சிரிப்பு. இந்த வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கடைசியாக எப்போது பார்த்தேன்? எனக்கு ஏன் அது நினைவுக்கு வரவில்லை?

வீரமுத்து கையில் மஞ்சள் பை. எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறது. ஜெயசித்ரா – மணிவேல், திருமணம். நான் பத்திரிகை வைக்காத கல்யாணத்துத் தாம்பூலப் பை அவன் கையில்!

நான் அந்தப் பஸ்ஸிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்! கூப்பிட்டால் காது கேட்கிற தூரம். குனிந்து கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களும் என்னைப் பார்க்கவில்லை போல. பார்த்திருந்தால் இப்படிச் சிரிக்க முடியாது.

24-6-1999

படத்தை அடுப்படியில் அவள் முன்னால் வைத்தேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அழுவாள், காலில் விழுவாள், மறுப்பாள் என்று என்னென்னவோ நினைத்திருந்தேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். ஜெயா பிறந்து முடியிறக்கியதிலிருந்தே போகிறாளாம். சித்திரை முதல் வெள்ளி குலதெய்வத்துக்குப் பொங்கல். பங்காளிகள் இரண்டு வீடும் சேர்ந்து வைத்தால்தான் அது பொங்கல். நான் வர மாட்டேன் என்றால் சாமிக்கு யார் வைப்பது என்கிறாள்.

"உங்க பேரச் சொல்லித்தான் முதப் பானையில அரிசி போடுவாரு உங்க தம்பி. நான் போவலன்னா உங்க பேருக்கு அடுப்பே இருக்காது. வருசா வருசம் நீங்க தின்ன சக்கரப் பொங்க எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க?"

முன்பெல்லாம் கோயில் பிரசாதம், ஜெயா கல்யாணத்துக்குப் பிறகு அவள் மாமியார் வீட்டில் கொடுத்தது என்றுதானே சொன்னாள்! நானும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றேனே.

இராமலிங்கத்திடம் நீ சொன்னாயா என்று கேட்டேன். அவனேதான் வந்து, "அண்ணி, படத்துல விழுந்துட்டீங்க" என்றானாம். இவள்தான் எடுத்துவிடச் சொன்னாளாம்.

"பொய் சொன்னது தப்புதான். போனது தப்பில்ல. நீங்க பாக்காத பக்கத்துல நின்னா நான் இல்லைன்னு ஆயிருமா?"

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

27-6-1999

தெரிந்தவர்கள்: சிந்தாமணி, ஜெயா, மாப்பிள்ளை மணிவேல், சம்பந்தி வீடு, இராமலிங்கம். தெரியாதவன்: நான்.

என் வீட்டுக்குள்ளேயே என்னை விட்டுவிட்டு ஒரு படம் எடுத்து, சட்டம் போட்டு, இத்தனை வருஷம் மாட்டி வைத்திருக்கிறார்கள். வீரமுத்து என்னை வெட்டியது ஒரு தடவை. இவர்கள் சித்திரைக்குச் சித்திரை வெட்டியிருக்கிறார்கள்.

இனி அவள் கையால் சாப்பிடுவதில்லை. மத்தியானம் மெஸ்.

1-7-1999

மெஸ் சோற்றில் சோடா உப்பு. வயிறு கல்லாகக் கிடக்கிறது. ராத்திரி அவள் மூடி வைத்ததையே எடுத்துச் சாப்பிட்டேன். பேசவில்லை.

4-7-1999

இராமலிங்கம் வீட்டுக்கே வந்தான். தின்பண்டப் பொட்டலத்தோடு. உட்காரச் சொல்லவில்லை, அவனே உட்கார்ந்தான்.

"ஒரு ஓரந்தானேண்ணே. அதுக்குப் போயி ஒரு குடும்பத்தைக் கெடுக்கச் சொல்றீங்களா? நான் எத்தனை படத்துல எத்தனை பேரை எடுத்திருக்கேன் தெரியுமா? ஓடிப்போன மருமகன், சண்டை போட்ட சித்தப்பா. கடையே அதுலதான் ஓடுது."

அவர்கள் கேட்டு எடுத்தாய், நான் எடுக்காதே என்று சொன்ன படத்தில் எடுத்தாய் என்றேன். அதைவிடப் பெரிய விஷயம், அழகுக்கு என்று சொன்னாய். ரகசியத்துக்கு என்று சொல்லியிருந்தால் அடித்திருப்பேன், ஆனாலும் உன்னை நம்பியிருப்பேன். முகத்தை எழுப்புகிறேன், கண்ணை இழுக்கிறது என்று என் வித்தையையே எடுத்து என் கண்ணைக் கட்டிவிட்டாய்.

அவன் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனான். நான் தொடவில்லை. சிந்தாமணி தின்றாள்.

18-7-1999

இன்றைக்கு வீரமுத்து வந்தான். சிந்தாமணி சொல்லி அனுப்பியிருப்பாள். பலாப்பழத்தோடு வந்திருக்கிறான் என்பது வாசனையிலேயே தெரிந்தது. நான் எழுந்து கதவைத் தாழ் போட்டேன். வெளியில் நின்றே பேசினான். இருபது வருஷத்துக்குப் பிறகு கேட்கிறேன், குரல் அப்பா குரல் மாதிரி ஆகிவிட்டது.

"அண்ணே. நான் உன்னை வெட்டணும்னு வெட்டல. அது மாலை போடுற படம். செத்தவங்களோட சேத்து உசுரோட இருக்கறவனுக்கு மாலை போடலாமா? பொட்டு வைக்கலாமா? உனக்கு ஒண்ணு ஆயிருமோன்னு பயந்துதான் வெட்டுனேன். உன் பாதியை அம்மாவோட சேலையில சுத்தி அம்மாகூடவே அனுப்பிட்டேன். அது தனியாப் போவக் கூடாதுன்னு தோணுச்சு."

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு தந்தி கொடுத்திருக்கலாமே. ரயில்வே கேட்டில் போன் இருந்ததே. அண்ணே, இப்படி வெட்டப் போகிறேன், சரியா என்று ஒரு வார்த்தை. சரி என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? அது வேறு விஷயம். கேட்டிருக்க வேண்டும். என் முகத்தை எரிக்க என்னிடம்தான் கேட்க வேண்டும்.

கதவைத் திறக்கவில்லை. பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

1-8-1999

முழுப் படத்துக்குச் சட்டம் போட்டு அடுப்படிக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். அவள் நிமிரும்போதெல்லாம் கண்ணில் படட்டும்.

சாயங்காலம் பார்த்தால் கண்ணாடியைத் துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். "பஞ்சவர்ணத்துக்கு இதுல சின்ன வயசு மாதிரி இருக்கு" என்கிறாள். என்னிடமா, படத்திடமா தெரியவில்லை.

13-4-2000

வருஷப் பிறப்பு. சிந்தாமணி, இந்த வெள்ளி பெரம்பலூருக்குப் போகவில்லை, குலதெய்வத்துக்குப் போகிறேன் என்று நேராகவே சொன்னாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சக்கரைப் பொங்கல் கொண்டுவந்தால் தொட மாட்டேன்.

15-4-2000

தொடவில்லை. எறும்பு வந்துவிட்டது.

2-4-2002

அரியலூரைப் பெரம்பலூரோடு மறுபடி சேர்த்துவிட்டார்கள். போன வருஷம்தான் தனி மாவட்டம் என்று வெட்டினார்கள். பலகை எழுதின பெயிண்ட் காய்வதற்குள் ஒட்டிவிட்டார்கள். நம்மை யார் கேட்டார்கள்?

சர்க்காரே இப்படி இருக்கும்போது வீரமுத்துவை என்ன சொல்வது. ஆனாலும் சர்க்கார் என் தம்பி இல்லை.

8-11-2003

நேற்று வீரமுத்து போய்விட்டான். வயலில் மடை திறக்கப் போனவன் வரப்பிலேயே உட்கார்ந்தபடி.

காட்டுக்குப் போனேன். வீட்டுக்குள் போகவில்லை. மழை. கொள்ளி வைத்ததும் எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

10-11-2003

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பலாப்பழம் வந்த அன்றைக்குத் தாழ்ப்பாள் போட்டேனே, அந்தச் சத்தம் வெளியில் கேட்டிருக்குமா?

17-11-2003

சிந்தாமணி ஊரிலிருந்து பஞ்சவர்ணத்தை அழைத்து வந்தாள். இந்த வீட்டுப் படியை அவள் மிதிப்பது இதுதான் முதல் தடவை. கதவுக்குப் பின்னால் நின்றே பேசினாள். கருமாதிக்குப் படம் வேண்டுமாம். வோட்டர் கார்டில் இருப்பது கரிப்பிடித்த முகம், பெரிசாக்கினால் ஆளே தெரியவில்லையாம். ஆள் இருந்தபோது யாரும் படம் எடுக்கவில்லையாம்.

படம் எடுக்கிற அண்ணன் அவனுக்கு இருந்தான். அதை அவள் சொல்லவில்லை.

"மாமா, உங்க செவுத்துல இருக்கறதுதான் அவரு மொகம். நீங்க ஓரம் வெட்ட மாட்டீங்கன்னு அக்கா சொல்லுச்சு. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துலயே நிக்கிறோம். அப்படியே வச்சு மாலை போட முடியாதே மாமா. என்ன செய்யறது?"

நான் எழுந்து படத்தின் முன்னால் போய் நின்றேன். வீரமுத்து, பூச்சரம், இரண்டு பெண்கள். நாலு வருஷமாகத் தினம் பார்க்கிற படம். வீரமுத்துவும் அன்றைக்கு இப்படித்தான் அம்மா படத்தின் முன்னால் நின்றிருப்பான், கத்திரியோடு.

"உங்க ரெண்டு பேரையும் எடுத்துட்டு அவனை மட்டும் போடப் போறேன். சம்மதமா?" என்று கேட்டேன்.

பஞ்சவர்ணம் அழ ஆரம்பித்தாள். அழுகை பதில் ஆகாது, வாயால் சொல்ல வேண்டும் என்றேன். சரி மாமா என்றாள். சிந்தாமணியைப் பார்த்தேன்.

"என்னையுமா கேக்குறீங்க?"

ஆமாம் என்றேன்.

"செய்ங்க" என்றாள். நாலு வருஷத்தில் அவளிடம் முகம் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது என்று பிறகுதான் உறைத்தது.

19-11-2003

இராமலிங்கம் கடைக்குப் போனேன். இப்போது கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். பழையதை அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நெகட்டிவைக் கொடுத்தேன்.

பஸ்ஸை எடுத்துவிட்டுப் பின்னால் நீலம் போட்டுவிடலாம், கோட்டும் மாட்டிவிடலாம் என்றான். என் தம்பி கோட்டுப் போட்டவனில்லை. பஸ் இருக்கட்டும், படம் பெரிசாக்குகிற பழைய மெஷினைத் துடைத்து வை, இருட்டறையில் நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

பலகையில் வெளிச்சம் விழுந்தது. ஓரத்தை மறைக்கிற பட்டையை நகர்த்தி சிந்தாமணியை எடுத்தேன். பஞ்சவர்ணத்தை எடுத்தேன். வீரமுத்து தனியாக நின்றான், பையோடு. நல்ல அளவு. இடுப்பு வரை, தோள் இறங்கி, கையில் மஞ்சள் பை. அதுதான் அவன். அதற்குக் கீழே கோடு போட்டால் படம் அமைப்பாக உட்காரும். போட்டும் விட்டேன்.

பிறகு பையின் எழுத்தைப் படித்தேன். ஜெயசித்ரா.

மாலை அதன்மேல்தான் தொங்கும். சந்தனம் அதன்மேல்தான் வழியும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிடையவே கிடையாது.

பட்டையைத் தூக்கி, பைக்கு மேலே, நெஞ்சோடு நிறுத்தினேன். அமைப்புக் கெட்டுவிட்டது. பையின் கனத்தில்தான் தோள் இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறவன் நினைத்துக்கொள்ள இனி வழியில்லை.

வெளியில் வந்து பூத்திலிருந்து ஜெயாவுக்குப் போன் போட்டேன். சித்தப்பா படத்தில் உன் பேர் இருக்கிறது, அதை எடுத்துவிடுகிறேன், சரியா என்று கேட்டேன்.

"இதையெல்லாம் யாராவது போன் போட்டுக் கேப்பாங்களாப்பா?"

கேட்கணும் என்றேன். சரிப்பா என்றாள்.

22-11-2003

கருமாதி. வீட்டுக்குள் போனேன். ஆணி நான்தான் அடித்தேன், அம்மா படத்துக்குப் பக்கத்தில்.

மாலை போட்டு எல்லோரும் கும்பிட்டுவிட்டு இலைக்குப் போன பிறகு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். அம்மா படத்தைக் கழற்றிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோணல் என்று நான் சொன்ன ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தேன்.

வெட்டு நேராகத்தான் இருக்கிறது.